கஸ்தூரி மேடத்தின் முதுகுப்பக்கம்

உட்காருங்கம்மா, இடம் காலிதான். ஒருவேளை மனசு மாறி என் தங்கை வருவாளோ என்று பையை வைத்துப் பிடித்திருந்தேன். அவள் வரவில்லை. ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள். எனக்கு ஜன்னல் ஓரம் என்றால் பயம். எதிரே வருகிற லாரியெல்லாம் என் மேலேயே வருகிற மாதிரி இருக்கும்.

விருத்தாசலமா? நான் அரியலூர். அங்கே பஸ் ஸ்டாண்டில் அப்பா நிற்பார். இரண்டு பெண்களும் இறங்குவார்கள் என்று நிற்பார். நான் ஒருத்திதான் இறங்குவேன்.  ஃபோன் பைக்குள் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அவராகத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். இதில் முக்கால்வாசி நான் நேரில் பார்த்ததில்லை. தங்கை ஃபோனில் சொன்னது, மாமா வந்து சொன்னது, இன்று காலையில் ஒரு போலீஸ்காரம்மா சொன்னது. எது யார் சொன்னது என்பதை விடாமல் சொல்லப் பார்க்கிறேன். நான் கணக்கு படித்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. இல்லாததைச் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது.

தங்கை பெயர் சங்கவி. கடலூரில் கல்லூரியில் படிக்கிறாள், ஃபுட்பால் ஆடுகிறாள். ஆமாம்மா, பெண்கள் ஃபுட்பால்தான். கோல்கீப்பர். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த இடத்தில் நிற்க யாரும் முன்வரவில்லை. இவள் உயரமாக இருந்தாள், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, நிறுத்திவிட்டார்கள். அதுவே கல்லூரி இடமும் விடுதியும் வாங்கிக் கொடுத்தது.

வேண்டாம் என்று சொல்லத் தெரியாது என்றேன் இல்லையா, அது வளர்ப்பு. அப்பா சிமெண்ட் ஆலையில் நைட் ஷிஃப்ட். பகலில் தூங்குவார். நாங்கள் பாத்திரம் வைத்தால்கூடச் சத்தம் வராது. அம்மா எங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டமாட்டாள், கிட்டே வந்து தோளைத் தொடுவாள். அம்மா வாயில் அப்பா பெயர் வந்து நான் கேட்டதில்லை. நாங்களும் பெரியவர்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டுப் பெண்களின் குரல் வாசலைத் தாண்டாது என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அது எங்களுக்குப் பெருமைதானே? நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை என்று தலைமையாசிரியர் சொல்கிறார். பிள்ளைகள் முன்னால் நகர்ந்து உட்காரலாமே என்று நினைத்துக்கொள்வேன். அவரிடம் சொன்னதில்லை.

அப்படி வளர்ந்தவளைக் கொண்டுபோய் கோலில் நிறுத்தினால் என்ன ஆகும்?

சங்கவிக்குப் பந்தைப் பார்த்துப் பயம் இல்லையாம். நான் கேட்டிருக்கிறேன். முகத்தில் அடித்தாலும் பரவாயில்லை, வலித்துவிட்டுப் போகட்டும் என்பாள். அவளுக்குப் பயம் கத்துவதற்கு. கோல்கீப்பர் கத்த வேண்டுமாம். மைதானம் முழுதையும் பார்க்கிற மாதிரி நிற்பது அவள் ஒருத்திதான். எதிராளி எந்தப் பக்கம் நழுவுகிறாள், யாரைப் பார்க்க ஆளில்லை என்று முன்னால் நிற்கிற நான்கு பேருக்கும் அவள்தான் சொல்ல வேண்டும். அந்த நான்கு பேரைப் ‘பேக்’ என்கிறார்கள், தடுக்கிறவர்கள். நான்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். பயந்தால் கால் பின்னால்தானே போகும்? எதிர் அணி வர வர நான்கு பேரும் பின்னால் பின்னால் வந்து சங்கவியின் மடியிலேயே நிற்பார்களாம். அவளுக்குப் பந்தே தெரியாது. நான்கு முதுகுதான் தெரியும். வலையிலிருந்து பந்தை எடுத்து எடுத்துக் கொடுத்தே சீசன் பாதி போய்விட்டது.

பாஸ்கர் சார் என்று கோச். அவர் ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்: “லீக்ல கடைசி இடம் வந்தா அடுத்த வருஷம் நமக்கு டீமே கிடையாது. டீம் இல்லன்னா ஹாஸ்டலும் இல்ல. அப்புறம் அவங்கவங்க வீட்டுல போய் நில்லுங்க.”

வீட்டில் போய் நின்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அத்தை ஏற்கெனவே ஒரு ஜாதகம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சங்கவி அன்றைக்கு ஃபோனில் இதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். 

அடுத்த வாரம்தான் கஸ்தூரி மேடம் வந்தார்கள்.

காக்கி பேண்ட்டோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்களாம். ஆயுதப்படையில் ஏட்டு. ஒருகாலத்தில் மாநில அணியில் நடு பேக்காக ஆடியவர்கள். அந்த லீக்கில் வெளியாள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாமாம், பாஸ்கர் சார் கேட்டு இவர்களோடு ஆட வந்தார்கள். வயது முப்பத்தெட்டு, வலது முட்டியில் பட்டை. அரைச் சுற்றுகூட ஓட முடியாது என்று பவித்ரா சங்கவியின் காதில் சொன்னாளாம். பவித்ரா இடது பக்க பேக். வாய் அதிகம்.

“போலீஸ் டீம்லயே இவங்களை வேணாம்னுட்டாங்களாம்டி. நம்ம தலையில கட்டிட்டாரு சாரு.”

“சும்மா இரு பவி, கேட்டுடப் போகுது. கைது பண்ணிடுவாங்க.”

“எதுக்கு? உண்மையைச் சொன்னதுக்கா?”

மேடம் முதல் நாள் செய்தது ஒன்றுதான். நான்கு பேக்கையும் இழுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். “ஏறுங்கடி, ஏறுங்க. கோல்கீப்பர் மடியில என்ன தாலாட்டா பாடுது?” வரிசை மேலே ஏறினால் எதிர் அணி ஆள் நம் கோலுக்குப் பக்கத்தில் வந்து காத்திருக்க முடியாதாம். விசில் ஊதிவிடுவார்களாம். எனக்கு அந்த விதி சரியாகப் பிடிபடவில்லை, அவள் சொன்னதைச் சொல்கிறேன்.

வரிசை ஏறியது. சங்கவிக்கு முன்னால் திடீரென்று வெறும் மண். அதுவரை நான்கு முதுகு மறைத்த இடம். களத்துமேட்டில் தனியாக விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது என்றாள். இல்லை, அந்தக் களத்துமேடு நான் சேர்த்தது. ‘வெறிச்சுன்னு இருந்துச்சுக்கா’ என்று மட்டும்தான் அவள் சொன்னாள். யாராவது பந்தை அந்த வரிசையின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டால்? பந்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. 

அப்படித்தான் போட்டார்கள். பயிற்சியில்தான். மேடத்தின் வலது தோளுக்குப் பின்னால் ஒரு பெண் நழுவி ஓடுவது சங்கவிக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. சொன்னாள். பந்து மேடத்தைத் தாண்டியது, அந்தப் பெண் அடித்தாள், கோல்.

மேடம் நின்று, முழு உடம்பையும் வண்டி திருப்புகிற மாதிரி மெதுவாகத் திருப்பி, கேட்டார்களாம்: “என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சே?”

“உங்களுக்குப் பின்னாடி ஒரு ஆள் வர்றாங்க, கொஞ்சம் பார்த்துக்குங்கன்னு சொன்னேன் மேடம்.”

“யார்கிட்ட சொன்ன? உன் க்ளவுஸ்கிட்டயா?”

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. சங்கவியிடம் நடந்து வந்து, தன் முட்டியைத் தட்டிக் காட்டினார்களாம்.

“இது திரும்பாது. முன்னாடி போவும், பக்கத்துல போவும். சடார்னு திரும்பச் சொன்னா நின்னுடும். பின்னாடி நடக்கறது எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். நீ மேடத்துல ஆரம்பிச்சு பார்த்துக்குங்கல முடிக்கறதுக்குள்ள அவ கோல் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவா. பேரைச் சொல்லு. கஸ்தூரி. அப்புறம் என்ன செய்யணும்னு சொல்லு. அவ்வளவுதான்.”

“எப்படி மேடம் பேரைச் சொல்றது?”

“வாயாலதான்.”

முடியவில்லை. அவளால் முடியவில்லை, என்னாலும் முடியாது, உங்களால் முடியுமா? அம்மா வயசில்லை என்றாலும் சித்தி வயசு. அதிலும் போலீஸ். பவித்ராகூட ‘கஸ்தூரி’ என்று தொடங்கி ‘க்கா’ என்று முடித்துவிட்டாளாம். மேடம் ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘மேடம்’ என்றோ ‘அக்கா’ என்றோ கூப்பிட்டால் அசையவே மாட்டார்கள். மரம் மாதிரி நிற்பார்கள். பக்கத்தில் பந்து போகும், பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சங்கவி விடுதிக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் ‘கஸ்தூரி, கஸ்தூரி’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். வார்டன் கதவைத் தட்டினாராம். “யாரும்மா அது கஸ்தூரி? ஒரு பாத்ரூமுக்கு ஒருத்திதான் போகணும்.” இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுதியில் பெயர் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் கேட்டேன்.

ஒருநாள் நிஜ மேட்சிலும் அது நடந்தது. ஆட்டம் முடிகிற நேரம், ஒன்றுக்கு ஒன்று. பின்னால் ஆள் ஓடுகிறது. சங்கவி தொண்டையைத் திறந்து கத்தினாள், ஆனால் வந்தது ‘மேடம்!’ மேடம் நின்றார்கள். கோல். தோற்றார்கள்.

 திரும்பி வருகிற வேனில் சங்கவி மேடத்திடம் போய்க் கேட்டிருக்கிறாள். அழுதுகொண்டே கேட்டாளாம்.

“வேணும்னே விட்டீங்களா மேடம்?”

மேடம் முட்டியில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள்.  அவர்கள் சொன்னது இது. இன்று காலையில் மேடத்திடமே நான் கேட்டு உறுதிசெய்துகொண்டேன், அதனால் அப்படியே சொல்கிறேன்.

“தேர்த் திருவிழால பந்தோபஸ்து பார்த்திருக்கியா? நாங்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஜனத்தைப் பார்த்து நிப்போம். தேர் எங்க முதுகுக்குப் பின்னாடி வரும். திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்புனா ஜனம் கயித்தைத் தாண்டிரும். சக்கரம் எவ்வளவு கிட்ட வருதுன்னு எங்களுக்குத் தெரியாது. சக்கரத்துக்குக் கட்டை போடறவன் பின்னாடி இருந்து கத்துவான். ‘கஸ்தூரி, நகரு’ன்னு கத்துவான். எனக்குக் கீழ இருக்கற ஆள்கூட இல்ல அவன், கோயில்ல கூலிக்கு வந்தவன். அவன் ‘மேடம்’னு கத்தினா நாங்க எல்லாருமே மேடம், யாரு நகர்றது? ஒரு வருஷம் அவன் கத்தல. புது ஆளு, போலீஸைப் பேர் சொல்லப் பயந்துட்டான். பக்கத்துல நின்ன பொண்ணுக்குப் பாதம் போச்சு. அதுலேர்ந்து எனக்கு முதுகுக்குப் பின்னாடி சத்தம் இல்லன்னா பயம்டி. நான் வேணும்னு விடல. பயத்துல நின்னுட்டேன்.”

எனக்கு இது பிடிபடவே இல்லைம்மா. சத்தம் இல்லையென்றால் பயமா? எங்கள் வீட்டில் சத்தம் வந்தால்தான் பயம். அப்பா விழித்துக்கொண்டார் என்று அர்த்தம். நான் சங்கவியிடம் சொன்னேன்: “பெரியவங்க அப்படித்தான் பெருந்தன்மையா சொல்வாங்க. நீ மரியாதையை விட்டுடாதே.” நல்லதுதானே சொன்னேன்?

அவள் “சரிக்கா” என்றாள். அதன் பிறகு கொஞ்ச நாள் அவளிடமிருந்து ஃபோன் வரவில்லை.

கடைசி மேட்ச் எங்கள் மாமா சொன்னது. செல்வராசு மாமா, அம்மாவின் தம்பி. லோடு வண்டி ஓட்டுகிறார். பண்ருட்டிக்குப் பலாப்பழம் ஏற்ற வந்தவர், பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மைதானத்துக்குப் போயிருக்கிறார். அன்றைக்குத் தோற்றால் கடைசி இடம். அது மாமாவுக்குத் தெரியாது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று ஃபோனில் எடுத்தார்.

அந்த வீடியோவை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுத்தான் பார்த்தோம். நாங்கள் எதையுமே அப்படித்தான் பார்ப்போம். படம் ஓட ஓட மாமா அடிக்குரலில் விளக்கம் சொன்னார்.

சங்கவியின் வாய் திறந்து திறந்து மூடுகிறது. முன்னால் அந்த அகலமான முதுகு. இவள் வாய் திறக்கும்போதெல்லாம் அது இடது பக்கம் நகர்கிறது, வலது பக்கம் நகர்கிறது, ஏறுகிறது. திரும்பிப் பார்ப்பதே இல்லை. சுற்றியுள்ள சின்னப் பெண்களும் ஆளாளுக்கு வாயைத் திறந்து எதையோ கத்துகிறார்கள். அந்த நான்கு பேர் பின்னால் ஓடிவரவில்லை. நிற்கிறார்கள். எதிர் அணிப் பெண்கள் மறுபடி மறுபடி வந்து முட்டித் திரும்புகிறார்கள்.

பிறகு அந்த இடம். எதிர் அணியின் ஒன்பதாம் நம்பர், வாட்டசாட்டமான பெண், மேடத்தைத் தாண்டப் போகிறாள். பந்து அவளுக்கு முன்னால் உருள்கிறது. மேடம் காலை நீட்டப் போகிறார்கள். நீட்டினால் பந்து படாது, அந்தப் பெண்ணின் கால்தான் படும், பெனால்டி. இதை சங்கவி பிறகு என்னிடம் சொன்னாள். மேடத்துக்குத் தெரியாது, பக்கவாட்டில் நின்ற மாமாவுக்குத் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பயமாக இருந்ததா என்று கேட்டேன். செத்துவிடுவேன் போல இருந்தது என்றாள். இவள் பேச்சைக் கேட்டு மேடம் நின்றுவிட்டால் அப்புறம் எல்லாம் இவள் தலையில். அந்தப் பெண்ணுக்கும் வலைக்கும் நடுவில் இவள் ஒருத்திதான். சும்மா இருந்துவிட்டால் தவறு மேடத்துடையது. ஒரு நொடி, சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியதாம்.

வாய் திறக்கிறது. வீடியோவில் நன்றாகத் தெரிகிறது. மேடத்தின் கால் பாதியில் நின்றுவிடுகிறது, யாரோ கயிற்றால் இழுத்த மாதிரி. பந்து பக்கத்தில் போகிறது. சங்கவி ஓடிவந்து அந்தப் பெண்ணின் காலடியில் விழுகிறாள். எழுந்தபோது வாயில் ரத்தம், நெஞ்சோடு பந்து. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ரத்தத்தை விடுக்கா,” என்றார் மாமா. “அவ என்ன சொன்னா தெரியுமா? அந்தம்மா போலீஸ் ஏட்டு. அவங்களைப் போய் ‘கஸ்தூரி, நில்லு, விடு’ங்கறா. நாய விரட்டற மாதிரி. என் காதாலயே கேட்டேன். ஊரே கேட்டுச்சு. எனக்கு அங்க நிக்கவே கூச்சமாப் போச்சு. படிக்க அனுப்பினா இதான் கத்துக்கிச்சு போல.”

“ஜெயிச்சாங்களா மாமா?” என்று கேட்டேன்.

“ஜெயிச்சாங்க, ஜெயிச்சாங்க. அதுவா இப்ப பேச்சு?”

அப்போது அறை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. எல்லோரும் எழுந்துவிட்டோம்.  என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார்: “கூட்டிட்டு வந்துரு.”

அதுதான் நான் இன்று வந்த காரணம். அம்மா ஒரு பை முந்திரிப் பருப்பு கட்டிக் கொடுத்தாள், அந்த போலீஸ்காரம்மாவிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்க. கடலூருக்கு முந்திரி கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வருகிற வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ‘மேடம், சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.’

மைதானத்தில் மேடம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் போய் நின்று சொன்னேன். திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். மெதுவாக முழு உடம்பும் திரும்பியது.

“யாரும்மா? எவ்வளவு நேரமா நிக்கற? பின்னாடி வந்து பேசாம நிக்காத, எனக்குத் தூக்கிவாரிப் போடுது.”

“சொல்லிக்கிட்டுதான் மேடம் இருந்தேன்.”

“சங்கவி அக்காவா? குரலைக் கேட்டாலே தெரியுது. அவளும் வந்தப்ப இப்படித்தான், வயித்துக்குள்ளயே பேசுவா.” பையைப் பிரித்து ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டார்கள். “எதுக்கு இது?”

சொன்னேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டது, அதட்டியது, வீட்டில் எல்லோரும் தலைகுனிந்தது, எல்லாம். அவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், இல்லை திட்டுவார்கள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

“கூட்டிட்டுப் போகவா வந்த?”

“ஆமாம் மேடம்.”

“அப்ப என் முதுகை யாரு பார்த்துக்கறது?”

பெரியவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் பேசக்கூடாது என்று நான் பேசாமல் நின்றேன்.

பிறகு விடுதி. சங்கவியின் உதட்டில் தையல், வீக்கம். நான் அழுதேன். அவள் அழவில்லை. “துணியை எடுத்து வைடி, அப்பா பஸ் ஸ்டாண்டுல நிப்பார்,” என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. சரி, பயந்திருக்கிறாள், நாமே செய்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்து அவளுடைய துணிகளை அள்ளினேன்.

“இலக்கியா.”

அது என் பெயர். அம்மா கூப்பிடுவாள், பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள். அவள் பிறந்ததிலிருந்து கூப்பிட்டதில்லை. யாரோ வேறு ஆள் அறைக்குள் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

“இலக்கியா, நில்லு. விடு.”

கத்தவில்லைம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் தெளிவாக இருந்தது, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி. என் கை அப்படியே நின்றுவிட்டது. துணி கீழே விழுந்தது. நான் ஏன் விட்டேன் என்று இந்த பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வருகிறேன். பயத்தில் விட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பயந்தால் எனக்குக் கால் நடுங்கும். அப்போது நடுங்கவில்லை.

“நான் வரல. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். அவரு எடுக்கலன்னா நீ சொல்லு,” என்றாள். நான் என்னத்தைச் சொல்வது? அப்பாவிடம் நானாக எதையுமே சொன்னதில்லையே. கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். ‘எங்கே அவள்’ என்று கேட்பார். வரவில்லை என்பேன். ‘ஏன்’ என்பார். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் சொன்னார்களே, சக்கரம் எவ்வளவு கிட்டே வருகிறது என்று தெரியாமல் நிற்பது. அந்த மாதிரி இருக்கிறது.

பாருங்கள், மறுபடி அதிர்கிறது.

எடுக்கட்டுமா? நீங்கள் சொல்வதும் சரிதான். இறங்கித்தானே ஆக வேண்டும். எடுக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் நான் யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை. நீங்கள் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பஸ் நிற்கும்போது, பயணிகள் யாரும் பக்கத்தில் இல்லை, இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு மாமா எனக்கு அனுப்பியிருந்த அந்த வீடியோவைப் போட்டேன். முதல்முறையாகச் சத்தத்தோடு. சங்கவி சொன்னதாக மாமா சொன்ன வார்த்தைகள் இருக்கின்றன, மாமா பொய் சொல்லவில்லை. ‘கஸ்தூரி, நில்லு, விடு.’ அதைவிடப் பெரிய சத்தமாக, ஃபோனுக்கு மிகப் பக்கத்தில், இன்னொரு குரலும் இருக்கிறது. “கஸ்தூரி, விட்றாதடி! மடக்குடி அவளை! ஐயோ கஸ்தூரி!” என்று. பந்தைப் பிடித்ததும், “அப்படித்தான்டி சங்கவி, என் ராசாத்தி!” என்று தொண்டை கிழிகிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அது செல்வராசு மாமாவின் குரல்.